கோம்பைக்குப் போன வேண்டாம்

பயணக் கட்டுரை எழுதுகிறவர் கடல் கடந்திருப்பார் என்று வாசகர் எதிர்பார்ப்பது நியாயமே. இந்தக் கட்டுரையில் கடல் கடந்தவர் என் சம்பந்தியம்மா. நான் கடந்தது சின்னமனூருக்கும் கோம்பைக்கும் இடையே உள்ள தூரத்தை மட்டும். அதையும் அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு முறை கடக்க நேர்ந்தது. முதல் முறை ஒரு சொல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாம் முறை அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போனேன்.

அது ஒரு ஜெர்மன் வினைச்சொல். மியூஸன் என்று உதடு குவித்துச் சொல்ல வேண்டும். 'வேண்டும்' என்று இந்த வாக்கியத்தில் எழுதினேன் அல்லவா, அதுதான் அதன் பொருளும்.

என் மகன் கதிரவன் ஜெர்மனியில் லைப்சிக் நகரில் வேலை பார்க்கிறான். அவ்வூர்ப் பெண் லேனாவை மணக்க விரும்பினான். திருமணத்தை நம் ஊர்ப் பக்கம், குன்றின் மேலுள்ள முருகன் சந்நிதியில் நடத்துவதென்று முடிவாயிற்று. பெண்ணின் தாயார் ஊர்சுலா அம்மையார் பத்து நாள் முன்னதாகத் தனியே வந்து உறவினரை அறிந்துகொள்ள ஆசைப்பட்டார். அவர் பள்ளியில் ஆங்கிலத்துக்குப் பதில் ருஷ்ய மொழி படித்த தலைமுறை; ஆங்கிலம் அறியார். முப்பது ஆண்டுகள் டிராம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

மொழிபெயர்க்க யார் என்ற கேள்வி எழுந்தபோது, "நான் இருக்கிறேன்" என்றேன். வெறும் வாய்ச்சவடால் அன்று. தேனியில் வெளிநாட்டுக்குப் போகவிருக்கும் செவிலியர்களுக்கு விடியற்காலையில் ஜெர்மன் வகுப்பு நடக்கிறது. ஆசிரியை கோட்டயத்துக்காரர். இருபத்திரண்டு செவிலியப் பெண்களுக்கு நடுவே எழுபத்தொரு வயதில், நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்தேன். நூற்றுக்கணக்கான பதிகங்களை மனப்பாடமாக ஓதுகிறவனுக்கு நாலு வினைச்சொல் எம்மாத்திரம் என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தை முருகன் குறித்து வைத்துக்கொண்டான்.

முதல் நாள். மதுரையிலிருந்து வந்த ரயிலில் தேனியில் இறங்கிய அம்மையார் என்னை விட ஒரு சாண் உயரம். கை கூப்பினார். நான் ஜெர்மனில் நல்வரவு கூறினேன். அவர் முகம் மலர்ந்து விரைவாக ஏதோ சொன்னார். பத்துச் சொல்லில் நான்கு எனக்குப் பிடிபட்டன. மீதி ஆறையும் அன்பு என்று கொண்டேன்.

மதியம் தேனியில் ஓர் உணவகத்தில் இலை போட்டோம். அவர் ஊரில் உருளைக்கிழங்கு ஒன்றே எட்டு வடிவம் எடுக்கும் என்று கதிரவன் சொல்லியிருந்தான். இங்கே இலையில் பதினோரு வகை. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, பெயர் கேட்டு, சிறிய குறிப்பேட்டில் எழுதி, பிறகே உண்டார். பரிமாறுகிறவர் பாயச வாளியோடு ஓடி வந்தபோது, தமக்காக அவர் இத்தனை முறை ஓடுவதைப் பொறுக்காமல், "மியூஸன் நிஷ்ட்" என்றார். நிஷ்ட் என்றால் இல்லை. வேண்டும், இல்லை, கூட்டினால் வேண்டாம். கணக்கு எளிது.

"வேண்டாமாம்" என்றேன்.

பரிமாறுகிறவர் வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அம்மையார் பக்கத்து இலையில் விழுந்த பாயசத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இனிப்பு ஆகாத உடம்பு போலும், பாவம், ஆசை மட்டும் இருக்கிறது என்று நான் இரங்கினேன்.

எங்கள் ஊர் சின்னமனூருக்குப் பேருந்தில் வரும்போது, ஓட்டுநருக்கு நேர் பின்னால் இடம் பிடித்தார். வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று முன்னே ஆடி ஆடிப் போயிற்று. எங்கள் ஓட்டுநர் அதை வலப்புறமாக முந்தினார். எதிரே மற்றொரு பேருந்து வந்தது. நான் கண்ணை மூடிப் பஞ்சாட்சரம் சொன்னேன். கண் திறந்தபோது மூன்று வண்டிகளும் அதனதன் வழியில் போய்க்கொண்டிருந்தன. அம்மையார் பரவசத்தோடு என் பக்கம் திரும்பி, "எங்கள் ஊரில் தண்டவாளம் இருக்கிறது. இவருக்கு நம்பிக்கை இருக்கிறது" என்றார். இதை முழுமையாகப் புரிந்துகொண்டேன் என்பதால் என் மொழித்திறன் மேல் எனக்கிருந்த மதிப்பு இன்னும் ஏறிற்று.

இரண்டாம் நாள் கோம்பை. அங்கேதான் என் மறைந்த மனைவியின் அண்ணன் சுருளியாண்டி இருக்கிறார். அவர் மகளைக் கதிரவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று இரு குடும்பமும் ஒரு காலத்தில் பேசியதுண்டு. கதிரவன் வேறு பெண்ணைச் சொன்னதும் மச்சான் இரண்டு வருடம் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. போன மாதம்தான் மனம் இறங்கி, "என் தங்கச்சி மகன்டா அவன், நான் நிக்காம யாரு நிப்பா" என்று சொல்லி அனுப்பினார். தாய் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தான் தாய் வீட்டின் ஆள். அவர் மாலை போடாவிட்டால், அந்த மேடையில் என் மனைவியின் பக்கம் வெறுமையாக நிற்கும். எனக்கு அந்தக் கல்யாணத்தில் வேறு எந்தக் குறை வந்தாலும் சம்மதம். அது மட்டும் கூடாது.

உத்தமபாளையத்தில் பேருந்து மாறினோம். நிலையத்தில் பருத்திப்பால் குடித்த அம்மையார், பருத்தியிலிருந்து தங்கள் நாட்டில் சட்டை மட்டுமே எடுக்கிறார்கள் என்று வருந்தினார்.

மச்சான் வீட்டில் முதலில் எங்களை எதிர்கொண்டது அவருடைய நாய். கோம்பை நாய் அந்நியரை உள்ளே விடாது என்பது ஊர் அறிந்தது. அம்மையார் குனிந்து அதன் காதருகே ஏதோ சொன்னார். அது மல்லாந்து படுத்துக்கொண்டது.

"ஏலே ராசா, வெக்கங்கெட்ட பயலே! எந்திரிடா" என்று அதட்டியபடி மச்சான் உள்ளிருந்து வந்தார். முழங்காலில் எருக்கிலை வைத்துக் கட்டியிருந்தார். காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார். "வாங்க மாப்ளே. சம்பந்தியம்மா, வாங்க வாங்க. இங்கன உக்காருங்க. ஏ பேச்சி, காப்பி கொண்டா."

மச்சானின் மனைவி, எனக்குத் தங்கை முறையான பேச்சியம்மாள், காப்பியோடு சீர்ப்பெட்டியையும் கொண்டு வந்து திறந்து காட்டினாள். பட்டு வேட்டி, துண்டு, தலையில் கட்டும் உருமாப்பட்டு. ஒவ்வொன்றையும் மச்சான் அம்மையாரின் கையில் வைத்து வைத்து எடுத்தார்.

"நூத்தியெட்டுப் படி மாப்ளே. டாக்டரு ஏறக் கூடாதுங்கறான். அவன் கெடக்கான். கால் ரெண்டும் கழண்டு விழுந்தாலும் ஏறிப்போயி மாலையப் போட்டுட்டுத்தான் விழும்னு சொல்லுங்க அவுககிட்ட."

சொன்னேன். அம்மையார் அந்த எருக்கிலைக் கட்டைப் பார்த்தார். கண் கலங்கிற்று. மச்சானின் கையைப் பற்றிக்கொண்டு, மிக மென்மையாக, "ஸீ மியூஸன் நிஷ்ட் கொம்மன்" என்றார். ஸீ என்றால் நீங்கள், கொம்மன் என்றால் வருதல். ஒரு சொல்கூட எனக்குத் தப்பவில்லை. அந்தப் பெருமிதத்தில் குரலை உயர்த்தியே சொன்னேன்:

"நீங்க வர வேண்டாம்னு சொல்றாக, மச்சான்."

பேச்சியம்மாள் கையில் இருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"எங்க, இன்னொருக்காக் கேளுங்க மாப்ளே. என் காது கொஞ்சம் மந்தம்."

கேட்டேன். அம்மையார் மற்றொரு கையை நெஞ்சில் வைத்து, 'உண்மையாகவே' என்னும் சொல்லையும் சேர்த்துச் சொன்னார்.

"நெசமாவே நீங்க வர வேண்டாமாம்."

"யாருமே வர வேண்டாமாமா, நான் மட்டுமா?"

இதையும் கேட்டுச் சொன்னேன். நல்ல மொழிபெயர்ப்பாளன் எதையும் விழுங்கக் கூடாது. "மத்தவுக எல்லாம் தாராளமா ஏறலாமாம் மச்சான். உங்களுக்கு மட்டுந்தான் வேண்டாமாம்."

மச்சான் தலையை அசைத்தார். "சரி. காப்பி ஆறுது, குடிக்கச் சொல்லுங்க" என்றார். எங்களைத் தெரு முனை வரை வந்து வழியனுப்பினார். அவர் காட்டிய மரியாதையில் ஒரு குறையும் இல்லை. கோபம் வந்தால் சுருளியாண்டியின் மரியாதை கூடும் என்பதை நாற்பத்தைந்து வருடப் பழக்கத்தில் அறிந்த நான், அன்று எப்படி மறந்தேன் என்று இன்றும் விளங்கவில்லை.

பேருந்து உத்தமபாளையம் சேரும் முன் தொலைபேசி அடித்தது. பேச்சியம்மாள்.

"அண்ணே, என்ன அண்ணே இப்பிடிப் பண்ணிட்டீக? இவுக சீர்ப்பெட்டியப் பூட்டிச் சாவியக் கிணத்துல போட்டுட்டாக!"

"ஏன் தங்கச்சி?"

"ஏனா? வீட்டுக்கே வந்து, கையப் பிடிச்சு, நீ மட்டும் வராதன்னு சொல்ல வச்சுட்டு ஏனான்னு கேக்குறீக. எம் மகள வேண்டாம்னீக, பொறுத்துக்கிட்டாக. இப்ப இவுகளையே வேண்டாம்ங்கறீக."

என் பக்கத்தில் அம்மையார் பன்னீர் திராட்சையை ஒவ்வொன்றாகத் தின்று விதையைக் காகிதத்தில் துப்பிக்கொண்டிருந்தார். கிணற்றுச் சாவியைப் பற்றி அவருக்கு எப்படிச் சொல்வது? அவ்வளவு ஜெர்மன் எனக்குத் தெரியாது.

வீடு சேர்ந்ததும் ஆசிரியையை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம்.

"ஸாரே, மியூஸன் நிஷ்ட்னா வர வேண்டாம் இல்ல. வரணும்னு கட்டாயம் இல்ல. சிரமப்படண்டான்னு அர்த்தம். 'வரக் கூடாது'ன்னா அவங்களுக்கு வேற வினை. 'எனக்கு இஷ்டமில்ல'ன்னா மூணாவது ஒண்ணு. நமக்கு மூணுக்கும் ஒரே வேண்டாம். எங்க மலையாளத்துலயும் 'வேண்டா' அப்படித்தான். அதனாலதான் ரெண்டு நாள் அதையே எடுத்தேன்."

"நான் அந்த ரெண்டு நாளும் எங்கே இருந்தேன், அம்மா?"

"ஸார் மார்கழி முழுக்கப் பஜனைக்குப் போயிட்டீங்க."

உண்மை. செவிலியப் பெண்கள் 'வேண்டாம்' எத்தனை விதமாகப் பிளவுபடும் என்று படித்துக்கொண்டிருந்த அதே விடியற்காலையில், நான் பனியில் தாளம் தட்டி, இறைவனிடம் 'வேண்டும், வேண்டும்' என்று பாடிக்கொண்டு வீதியைச் சுற்றினேன். ஆசைக்கும் தேவைக்கும் கட்டாயத்துக்கும் மன்றாட்டுக்கும் சேர்த்து ஒரே சொல் வைத்திருக்கும் மொழி, வாழ்க. கோயிலில் அது எவ்வளவு வசதி! கோம்பையில் இல்லை.

அம்மையாரிடம் குறிப்பேடும் கைச்சாடையுமாக விளக்கினேன். முதலில் திகைத்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பாயசம் நினைவுக்கு வந்துவிட்டது போலும், என்னைக் கடுமையாக ஒரு பார்வை பார்த்தார். கடைசியில், "நாளை நான் போக வேண்டும்" என்றார்.

கதிரவன் தொலைபேசியில், "மாமாகிட்ட நான் பேசுறேன்பா, போனக் குடுங்க" என்று கெஞ்சினான். மச்சான் போனை எடுக்கவில்லை. போனில் ஆறுகிற கோபம் அவர் கோபத்திலேயே சேர்த்தி இல்லை என்று பேச்சியம்மாள் வழியாகச் செய்தி வந்தது. இந்த வெயிலில் நீங்கள் மறுபடியும் அலைய வேண்டாம், நான் போகிறேன் என்று அம்மையாரிடம் சொல்ல நினைத்து, இம்முறை சரியான பொருளில் "மியூஸன் நிஷ்ட்" என்றேன். அவர் "டொஹ்" என்றார். எதிராளியின் 'இல்லை'யை மறுத்து 'ஆமாம்' என்று சொல்வதற்கென்றே அவர்கள் தனியாக வைத்திருக்கும் சொல் அது. என் மனைவி இருந்தவரை அந்தச் சொல் இல்லாமலே அந்த வேலையைச் செய்வாள்.

மூன்றாம் நாள் காலை. அம்மையாருக்கு ஒரே ஒரு தமிழ் வாக்கியம் கற்றுக்கொடுத்தேன்: "நீங்க கண்டிப்பா வரணும்." விந்தை என்னவென்றால், இதை ஜெர்மனில் மியூஸன் போட்டே சொல்லலாம், அங்கும் அது அன்பான அழைப்புத்தான். 'வேண்டும்' என்பதில் இரு மொழியும் தோளோடு தோள் நின்றன. 'இல்லை' வந்து நடுவில் உட்கார்ந்த பிறகுதான் பாகப்பிரிவினை.

பேருந்தில் அவர் பாடம் செய்யத் தொடங்கினார். மனத்துக்குள் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இல்லை போலும். எதிர் இருக்கையில் கீரைக்கட்டோடு இருந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து, உரக்க, "நீங்க கண்டிப்பா வரணும்" என்றார்.

"எங்கன ஆத்தா வரணும்?" என்றாள் அவள்.

"கல்யாணம்" என்று நான் விளக்கப் போனேன். "இவுக மகளுக்கு. ஆனா இவுக சும்மா சொல்லிப் பாக்குறாக..."

"சும்மாவா? வெள்ளைக்காரவுக நம்மள மதிச்சுக் கூப்பிடுறாக. வாரேன் ஆத்தா."

அதற்குள் அம்மையார் ஏலக்காய் மூட்டையோடு இருந்த உத்தமபாளையத்து பாயை அழைத்துவிட்டார். "இன்ஷா அல்லா, வந்துருவோம். பிரியாணியா, சைவமா அய்யா?" என்றார் அவர். நடத்துனர் சீட்டுக் கிழிப்பதை நிறுத்திவிட்டு, "எங்களையெல்லாம் கூப்பிட மாட்டீகளா?" என்றார். அவரையும் கூப்பிட்டார். உச்சரிப்பு ஊருக்கு ஊர் மெருகேறிற்று. கோம்பை வந்து இறங்கியபோது பேருந்தில் அழைக்கப்படாதவர் ஓட்டுநர் ஒருவரே. அவர் எட்டிப் பார்த்து ஆரன் அடித்தார். அம்மையார் திரும்பிப் போய் அவரையும் அழைத்துவிட்டு வந்தார், தொழில் பாசம்.

மச்சான் வீட்டில் பேச்சியம்மாள் மட்டும் இருந்தாள். "தோட்டத்துக்குப் போயிட்டாக அண்ணே. வர வேண்டாம்னு சொன்ன வாசல்ல உக்காந்திருக்க மாட்டேன்னாக." அது அவர் வீட்டு வாசல்தான் என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. அவளே முன்னால் நடந்தாள். ராசா அம்மையாரின் காலை உரசிக்கொண்டே வந்தது.

மச்சான் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மரியாதை கூடியிருந்தது.

"மச்சான், தப்பு எம் மேல. அவுக சொன்னது, கால் வலியோட சிரமப்பட வேண்டாம்னு..."

"அதே வேண்டாந்தான மாப்ளே?"

"இது வேற வேண்டாம் மச்சான்."

"எத்தன வேண்டாம் வச்சிருக்கீக? எம் மகளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?" அவர் குரல் உடைந்தது. "கால் முடியாதவன் கூட்டத்துல எதுக்குன்னு நெனச்சிருப்பாக. நெனச்சா நெனச்சுட்டுப் போறாக. ஆனா எந் தங்கச்சி இருந்தா அதக் கேட்டுக்கிட்டு நின்னுருப்பாளா?"

ஆயிரம் பாட்டு இருந்தும், அந்த நேரத்துக்கு எனக்கு ஒரு வரி வாய்க்கவில்லை.

அம்மையார் என்னைக் கையால் விலக்கிவிட்டு, பந்தலுக்குள் குனிந்து மச்சானின் முன் போய் நின்றார். மூச்சை இழுத்துக்கொண்டார். வழியெல்லாம் பிசகாமல் சொன்ன வாக்கியம், நேரம் வந்தபோது பதற்றத்தில் கலைந்துவிட்டது. முன்தினம் என் விளக்கத்தில் கேட்ட சொல் ஒன்று குறுக்கே வந்து விழுந்தது.

"நீங்க... கண்டிப்பா... வேணும்."

வரணும் இல்லை. வேணும்.

நான் திருத்த வாயெடுத்தேன். மச்சான் கை காட்டி என்னை நிறுத்தினார்.

"என்ன சொன்னாக?"

அம்மையார் தவறு நேர்ந்ததை அறியாமல், அவரைச் சுட்டிக்காட்டி இன்னும் உறுதியாக, "நீங்க. வேணும்" என்றார்.

முதலில் சிரித்தவள் பேச்சியம்மாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "கேட்டீகளா அண்ணே! எழுவத்தஞ்சு வயசுல எம் புருசன் வேணுமாம். கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, நானும் நிம்மதியா இருப்பேன்!" என்றாள்.

"சும்மா கெட கழுத" என்றார் மச்சான். அவர் காது மடல் சிவந்திருந்தது. துண்டால் கண்ணைத் துடைத்தார். சிரிப்பினால்தான் என்று எல்லோரும் வைத்துக்கொண்டோம். பிறகு அம்மையாரைப் பார்த்து, "சரித்தா, வாரேன்" என்றார். என் பக்கம் திரும்பி, "மாப்ளே, கெணத்துல எறங்க ஆள் பாருங்க" என்றார்.

எத்தனையோ அடியார்கள் பொன் வேண்டேன், பதவி வேண்டேன் என்று விலக்கிக்கொண்டே போய், கடைசியில் நீ வேண்டும் என்ற ஓர் இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு, இலக்கணத்தில் தவறி விழுந்தும் வந்து சேரலாம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

திருமண நாளன்று குன்றின் அடிவாரத்தில் நாங்கள் அழைத்த கூட்டத்தோடு பேருந்து அழைத்த கூட்டமும் நின்றது. நடத்துனர் சீருடையிலேயே வந்திருந்தார். கீரைக்கார அம்மாள் ஒரு கூடை கீரையைச் சமையல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மணமகள் வீட்டார் வரிசையில் போய் நின்றுகொண்டாள். ஏலக்காய் பாய் தந்த பொட்டலம் பாயசத்தில் மணத்தது. முதல் டம்ளரை நானே அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மச்சான் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சீர்ப்பெட்டியை நடத்துனர் தலையில் ஏற்றிவிட்டு, படி ஏறத் தொடங்கினார். அறுபதாம் படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே கதிரவனும் லேனாவும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மையார் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்து அவர் கையைப் பற்றினார்.

மச்சான் மூச்சு வாங்க, என்னிடம் ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்லை எடுத்துவிட்டார்: "மூசே நிச்சி." பிடிக்க வேண்டியதில்லை, நானே ஏறுவேன் என்பது பொருள். குற்றமற்ற பிரயோகம்.

"வேணும்" என்றார் அம்மையார். கையை விடவில்லை.

இருவரும் ஏறினார்கள். பின்னால் போன நான், ஏதேனும் விளக்கம் தேவைப்படுமோ என்று இரண்டு படி முன்னே எட்டி, "என்ன மச்சான்?" என்றேன். அவர் திரும்பாமலே, "நீங்க வேண்டாம் மாப்ளே" என்றார்.

அந்த வேண்டாமை, அதற்குள்ள எல்லாப் பொருளிலும் எடுத்துக்கொண்டு, நான் மெதுவாகப் பின்னால் ஏறினேன்.